மருந்துச்சீட்டின் மூன்றாம் வரி

முதல் இரண்டு வரிகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
காலையில் வெள்ளை, இரவில் மஞ்சளில் பாதி.
மூன்றாவதை மருத்துவர் கிறுக்கியிருந்தார்:
மரநிழலில் தினம் அரைமணி நடை.

இம்பாபாவில் இருபத்தோரு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
"அது இருப்பில்லை" என்றேன் நக்வாவிடம்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"வேறு எங்கே கிடைக்கும்?" என்றாள்.

எங்கள் தெருவில்
எதிரெதிர் பால்கனிகள் கைகுலுக்கிக்கொள்ளும்.
வானம் ஒரு துணிக்கொடி அகலம்.
நடைபாதை டயர்க்கடை ரிஃபாத்துக்குச் சொந்தம்.
ஆற்றங்கரையிலோ கிளப்புகள்,
நீதிபதிகளுக்கு ஒன்று, பொறியாளர்களுக்கு ஒன்று.
பொத்தான் தைக்கிறவர்களுக்கு இல்லை.

பாலம் தாண்டினால் பூங்கா உண்டு.
அவளும் மூன்று பிள்ளைகளும் உள்ளே போக
இரண்டு நாள் பொத்தான்கள் ஆகும்.
ஒரு மாலை வேலிக்கு வெளியிலேயே சுற்றி நடந்தாளாம்.
கம்பிகளுக்கு இடையே நிழல் வெளியே விழுந்து கிடந்ததாம்.
"அதற்குச் சீட்டு கேட்கவில்லை" என்றாள்.

பிறகு அவளே கண்டுபிடித்தாள்,
மேம்பாலம் இறங்குமிடத்தில் முக்கோணமாய்க் கொஞ்சம் புல்,
இரண்டு அத்தி, ஒரு சவுக்கு.
இருபுறமும் பஸ்கள்.
இரவு பத்துக்கு மேல் பாய்கள் விரியும்,
தேநீர்க்காரன் வருவான்,
பிள்ளைகள் புல்லில் தூங்கிப்போகும்.
ஒரு சுற்று நூற்றுப்பன்னிரண்டு அடி. எண்ணியிருக்கிறாள்.

வியாழன்தோறும் என் கடையில் கையை நீட்டுவாள்.
நோட்டில் எழுதிவைத்தேன்: நூற்றறுபது.
நூற்றைம்பத்து நான்கு. நூற்று நாற்பத்தெட்டு.
ஒரு வாரம் திடீரென்று நூற்றைம்பத்தேழு
(மாமியார் வந்திருந்தார்).
ஒரு பெண், ஒரு ரத்த அழுத்தக் கருவி. இது ஆராய்ச்சியல்ல,
எனக்கும் தெரியும்.

ஓரிரவு கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்,
சும்மா பார்த்துவர என்று சொல்லிக்கொண்டு.
சவுக்கடியில் சாய்ந்தேன்.
நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது
விட்ட பிறகுதான் தெரிந்தது.
நாள் முழுக்கவா,
எத்தனை வருடமோ.

மார்ச்சில் சிவப்புப் பெயிண்ட்டோடு வந்தார்கள்.
மரங்களுக்கு எண் போட்டார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று.
சாலை அகலமாக வேண்டுமாம்.

நேற்று வியாழன்.
நூற்றறுபத்தாறு.
புதுச்சீட்டில் மஞ்சள் முழுசாகிவிட்டது.
மூன்றாம் வரி மட்டும் அதே கிறுக்கல்.

அவள் போன பின்
தட்டுப்பாட்டு நோட்டை எடுத்தேன்.
இன்சுலினுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் கீழே எழுதினேன்:
மரநிழல், அரைமணி.
கேட்டவர்கள்: இரண்டு பேர்.