வலப்பக்கம் இறங்காதே

காரை இழுத்துப் போன அன்று
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே
மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.
தொண்ணூற்றேழாம் ஆண்டுப் பிறப்பு. நானூறு சிசி.
இரண்டு சிலிண்டர்; ஒன்று ஏதோ சொல்ல
மற்றது ஒப்புக்கொள்ளாமல் முனகும்.

வாங்கியது ஞாயிற்றுக்கிழமைகளுக்காக.
பத்து பெரிங்கி வளைவுகளில்
கடல் மரங்களுக்கிடையே வந்து வந்து போக,
அகன்ற கைப்பிடி, முன்னே நீட்டிய கால்கள்,
சாய்வு நாற்காலியோடு ஊர் சுற்றுகிறவனின்
ஒரு மாதிரித் திமிர்.
சீக்கிரம் போய்ச் சேர வேறு வண்டிகள் உண்டு.
இது போய்க்கொண்டே இருப்பதற்கு.

உதிரிப்பாகம் கேட்டால் பெங் சூன் சிரிப்பான்:
ஜப்பானில் இதை மறந்தாயிற்று,
தைப்பிங்கில் ஒருத்தன் மட்டும் மறக்கவில்லை.

கமலவேணி முதல் நாளே கேட்டாள்,
இதுல அரிசி மூட்டை வருமா?

வந்தது.
கார் போன மறுவாரம்
இருபத்தைந்து கிலோ, பின்னிருக்கையில்
தூங்கும் பூனையாய்ப் பதிந்து வந்தது.
அப்புறம் இட்லிப் பானை.
அப்புறம் அவள் தையல் மெஷின், தலை மட்டும்,
கைலியில் சுற்றி;
ஆயர் ஈத்தாம் மேடு முழுக்க
அதன் சக்கரம் என் முதுகெலும்பை எண்ணிப் பார்த்தது.
பாலிக் புலாவிலிருந்து டுரியான் இரண்டு கூடை,
மூன்று நாளைக்கு ஹெல்மெட்டுக்குள்ளும் அதே வாசனை.
தேர்வு மண்டபத்துக்கு யஷ்வினி:
வழியெல்லாம் வேதியியலை
என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள்.
சிவப்பு விளக்கில் நின்ற கப்சாய்க்காரன்
ஒரு சமன்பாட்டைத் திருத்திவிட்டுப் போனான்.

செபராங் ஜெயாவில் ஒரு மாப்பிள்ளை
இதில்தான் மண்டபத்துக்கு வருவேன் என்று நின்றான்.
நூற்றைம்பது வெள்ளி, பாலத்துக்கு எண்ணெய் தனி.
கண்ணாடி இரண்டிலும் மல்லிகை.
மறுநாள் விடியுமுன்
கெலுகோரில் ஒரு சாவு வீட்டுக்கு ஐஸ் கட்டி.
பூவை அவிழ்க்க நேரமில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பெண் மட்டும் அழுகைக்கு நடுவே
க்ரோமில் தன் முகத்தைப் பார்த்து
கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுவேன் ஏறுகிறவர்களிடம்:
வலப்பக்கம் இறங்காதே, சைலன்சர்.
யார் கேட்கிறார்கள்?
கமலவேணி, யஷ்வினி, மச்சான், அந்த மாப்பிள்ளை,
எல்லார் கெண்டைக்காலிலும்
ஐம்பது காசு அளவுக்கு ஒரு தழும்பு.
எங்கள் வீட்டில் அதற்குப் பேர் முத்திரை.

போன வியாழன், மழை.
பஸ் நிற்குமிடத்தில்
பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோப்போடு ஒருவர்.
புவனநாதன்.
கார் சாவியை வாங்கிக்கொண்டு
என்னிடம் கையெழுத்துக்கு நீட்டிய அதே பேனா
சட்டைப் பையில்.

அவருக்கு முதலில் மோட்டாரைத்தான் தெரிந்தது.
பிறகு என்னை.
'இது மேல கடன் இல்ல' என்றார் அவசரமாய்.
'தெரியும்' என்றேன்.
அன்று இழுத்த வண்டியோடு லாரி போய்விட்டதாம்,
முன்னிருக்கையில் இவருக்கு இடமில்லையாம்.
பெர்ரிக்கு நேரமாகிறது.

மழைச்சட்டையின் வால் பகுதியை அவருக்கு விட்டேன்.
ஜெட்டி வரை ஒரு வார்த்தையும் இல்லை.
எஞ்சின் மட்டும்
இரண்டு குரலில் பேசி வந்தது, வழக்கம்போல்.
நடுவழியில் அவர் கை
என் தோளை ஒருமுறை பிடித்து, விட்டது.
பள்ளமாக இருக்கலாம்.

பெர்ரியின் வாசலில் கப்சாய்கள் ஈசல்போல் மொய்க்க,
இது மட்டும் நீளமாய், மெதுவாய்
எருமை மாதிரி ஒதுங்கி நின்றது.
நான் வாய் திறப்பதற்குள்
மனிதர் வலப்பக்கம் இறங்கிவிட்டார்.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு
எவ்வளவு ஆச்சு என்று பர்ஸை எடுத்தார்.

'பற்பசை தடவுங்க' என்றேன்.