தனக்கா

சந்தைக் கடைப் பையன் போன தை வரைக்கும்
மா ஷ்வே என்றான்.
இந்த மழைக்கு டோ ஷ்வே.
ஓரெழுத்தை மாற்றி என்னைப் பெரியம்மாவாக்கிச்
சில்லறை தந்தான்.
வீட்டில் நான் பவுனாம்பாள்.
இரண்டு பேரும் தங்கம்தான்,
இரண்டுக்கும் நாற்பத்தேழு.

மோல்மீனில் எனக்கு விடிவது கல்லில்.
நாலு சொட்டுத் தண்ணீர்,
தேய்ந்து தேய்ந்து விரல் நீளத்துக்கு வந்துவிட்ட
ஷ்வேபோ கட்டை.
சந்தனத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு வாசம்.
ஊரே பூசும். மீன்காரி பூசுவாள்.
இளசுகள் கன்னத்தில் இலை வரைந்து
சீப்பால் நரம்பு கீறுவார்கள்.
எனக்கு இலை வேண்டாம்.
கண்ணுக்குக் கீழே ஒன்று,
மூக்கோரத்து மங்குக்கு ஒன்று,
கழுத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு:
முகம் மறைத்ததையெல்லாம்
போட்டுக்கொடுக்கிற கோள்மூட்டி அது.

அங்கம்மா சின்னம்மா வாசலில் நின்று கேட்டாள்:
"புருஷன் மேசோட்டில். வருஷம் நாலு.
யாருக்கடி இதெல்லாம்?"

பர்மாக்காரர்களுக்கு அது மரத்தின் பேர்.
நம் வாயில் விழுந்ததும் கேள்வியாகிவிடுகிறது.
தனக்கா?

நான் பதில் சொல்லவில்லை.
உளுந்துக் கிட்டங்கிக்கு நேரமாகிவிட்டது.

பதினொரு மணிக்கு வரும் அது.
வெயிலில்லை, காய்ச்சலில்லை,
மாரிலிருந்து காதுமடல் வரைக்கும்
யாரோ அடுப்பைத் தூக்கி வந்து உள்ளே வைத்தது போல.
கரண்ட் இல்லை. கணக்கு நோட்டால் விசிறுகிறேன்.
தண்ணீர் வராத வயலாகப் பூச்சு வெடிக்கிறது,
அப்புறம் வேர்வை வந்து வெடிப்பையும் கரைத்து
ரவிக்கையில் மஞ்சள் கோடாக இறங்குகிறது.
எதிரே புடைத்துக்கொண்டிருந்த மா நுயே,
அவளுக்கு ஐம்பத்தொன்று,
ஒன்றும் கேட்காமல்
முறத்தை என் பக்கம் திருப்பி விசிறினாள்.
காற்றோடு உளுந்துத் தூசி.
இரண்டு பேரும் தும்மித் தும்மிச் சிரித்ததில்
மூட்டைக் கணக்கு தப்பிப் போனது.

ராத்திரி சிக்னல் கிடைத்த ஒரு நிமிஷத்தில் அவர்:
"முகத்தில் என்ன, சுண்ணாம்பா?"
அத்தோடு படம் உறைந்தது.
வாய் திறந்தபடி நின்ற முகத்தில்
நெற்றி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது.
உதடு வெடித்திருந்தது.
கட்டடக் கூலி வெயில்.
கல்லில் மிச்சமிருந்ததை விரலில் வழித்து
அவர் கன்னத்தில் வைத்தேன், கண்ணாடிமேல்.
குளிர்ச்சி எனக்குத்தான் தெரிந்தது.

லைன் அறுந்தது.
போனைத் துடைத்தேன்.
விரலைக் கழுத்தில் துடைத்துக்கொண்டேன்.

நாளைக்குப் புதுக் கட்டை வாங்கணும்.
அந்தப் பையன் யாருக்கென்று கேட்கமாட்டான்.
டோ ஷ்வே, என்பான்.
நீளம் பார்த்து விலை சொல்வான்.