இருபத்து நான்கு கிராம்

ஆயிரம் கிராம் நிறுத்துத்தான் கொட்டினேன்.
சுரங்கத்தை மூடியும் மூடப்படாமல் கிடக்கும்
ஃப்ரைபெர்க் மேட்டுக் கழிவு மண்.
யென்ஸ் வாளியை இறக்கும்போதே
ஈரத் தீக்குச்சி நாற்றம்.

தண்ணீர். சிட்டிகை சுண்ணாம்பு. ஆறு சொட்டு மருந்து.
விசிறி சுழல, காற்றைத் திறந்தேன்.
கறுத்த நுரை பொங்கித்
தொட்டியின் உதட்டைத் தாண்டியது,
ஒவ்வொரு குமிழியின் முதுகிலும்
அரைத்த துத்தநாகத் தாது.

அம்மி மிதக்கிறதென்று செய்யுளில் வந்தால்
சொல்லை இடம் மாற்றிப் படி என்பார் தமிழாசிரியர்.
இங்கே மாற்ற வேண்டாம்.
கனத்தது மிதக்கும், லேசான மணல் அடியில் கிடக்கும்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நுரையை வழித்தேன். அடிமண்ணை வடித்தேன்.
இரண்டையும் இரவெல்லாம் உலர்த்தி
காலையில் நிறுத்துப் பார்த்தால்
தொள்ளாயிரத்து எழுபத்தாறு.

மறுநாளும் எழுபத்தாறு.
மூன்றாம் முறை எழுபத்தைந்தே முக்கால்.
திருடன் இவ்வளவு ஒழுங்காகத் திருடமாட்டான்.

தட்டின் விளிம்பைச் சுரண்டினேன்,
வடிதாளைத் தட்டினேன்,
தூரிகை மயிரைப் பிரித்துப் பார்த்தேன்.
கையுறையைக்கூட நிறுத்தேன், சிரிக்காதீர்கள்.

முனைவர் ஹெனல் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.
"நூற்றுக்கு இரண்டு சொச்சம்தானே.
எல்லாப் பத்திக்கும் பகிர்ந்து போட்டுவிடுங்கள்.
அறிக்கை வெள்ளிக்கிழமை."
கெட்டவர் இல்லை. அவரும் வாடகை கட்டுகிறவர்.
விரலை விசையில் வைத்தேன்,
பகிர்ந்தால் நூறு வரும்,
நூறு அழகாக இருக்கும்.

அன்று மாலை கைகழுவும் தொட்டிமேல்
மஞ்சள் சீட்டு ஒன்று, கோபமான எழுத்தில்:
"வடிகாலில் வெள்ளைக் கறை!! தேய்த்தாலும் மறுநாள் வருகிறது.
யார்? — சோஹே, துப்புரவுப் பிரிவு."

குனிந்தேன்.
சல்லடைத் துளையைச் சுற்றி
மீசை போல் மெல்லிய உப்பு.
நக்கிப் பார்க்கத் தோன்றியது;
காட்மியமும் இருக்கும் என்று நாக்கு நின்றது.

தெளிந்த நீர் என்றுதானே ஊற்றினேன்,
அடி தெரிகிற நீர், குற்றமே அறியாத முகத்தோடு.

நான்காம் சோதனையில் ஒரு சொட்டையும் விடவில்லை.
நாலு லிட்டரையும் சூட்டுத் தட்டில் வைத்து
பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போர்த்திக்கொண்டேன்.
மூன்று மணிக்கு விழித்தபோது கோப்பையில்
ஊசி ஊசியாக வெள்ளை.

இருபத்தைந்தரை.

ஆம், இப்போது ஒன்றரை கிராம் கூடுதல்.
நான் போட்ட சுண்ணாம்பு,
குழாய்த் தண்ணீரின் பங்கு,
படிகம் தனக்குள் பூட்டிக்கொண்ட ஈரம்;
அதையும் கணக்குப் பார்க்க வேண்டும், பார்ப்பேன்.

ஆனால் சன்னலுக்கு வெளியே
நவம்பர் மழை பிடித்துக்கொண்டது.
அங்கே அந்த மேட்டில்
இதே சோதனையை மழை நடத்துகிறது,
நான் பிறப்பதற்கு முன்பிருந்தே,
நுரை இல்லாமல், எடை குறிக்காமல்,
வடிநீரை முல்டே ஆற்றில் ஊற்றி.

அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தேன்.
நுரை, மண், அப்புறம் நீர்.
ஹெனல் வெகுநேரம் பார்த்தார்.
"வெள்ளிக்கிழமை முடியாது, இல்லையா?"
"முடியாது."

சோஹே அம்மாவின் சீட்டுக்கடியில்
"நான்தான்" என்று எழுதி, மன்னிப்பும் கேட்டு,
யென்ஸுக்குத் தொலைபேசினேன்.

"இன்னும் எத்தனை வாளி?"
"மண் வேண்டாம். மேட்டின் காலடியில்
ஒரு வாய்க்கால் ஓடுமே, அதில் இரண்டு பாட்டில்."

மறுமுனையில் அவன் வண்டியின் துடைப்பான்
நாலைந்து முறை அடித்துக்கொண்டது.
"அதில் என் நாய் குடிக்கும்" என்றான்.

பிறகு, இந்த ஊரில் வணக்கத்துக்குப் பதில் சொல்வார்களே,
சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குச் சொல்வது,
"க்ளுக் ஆஃப்"
என்று வைத்துவிட்டான்.