வந்த காரணம்

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும்
காருக்கு இடது கண் போனது.
ஒற்றை விளக்கில் ஓட்டிவிடலாம்,
சென்னைக்கு இன்னும் இருநூற்று முப்பதுதானே என்றான் செல்வின்.
எதிரே வந்த லாரிக்காரன்
எங்களை பைக் என்று நினைத்து
மேலே ஏறப் பார்த்த பிறகு
ஒன்றும் சொல்லவில்லை.

கடலூர் மாவட்டம் வரவேற்கிறதாம்.
கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர்.
தூத்துக்குடிக்காரி நான், கண்ணாடியை இறக்கி
மோந்து பார்த்தேன்:
மக்காச்சோளத் தூசி, டீசல்,
எங்கோ கரும்புச் சோகை எரிகிற புகை.

தொழுதூர் தாண்டி
ஊர் என்று சொல்ல ஏதுமில்லாத இடத்தில்
மூன்று மாடிக்கு ஆசைப்பட்டு
ஒன்றரையில் நின்றுபோன கட்டடம்.
'தங்கும் விடுதி' பலகையில்
இரண்டு எழுத்துகளுக்கு உயிரில்லை.
'தங்கு' என்றது,
கொஞ்சம் தள்ளி
'விடு' என்றது.

கொளஞ்சிநாதன் பதிவேட்டைத் திருப்பி வைத்தான்.
ஆதார் எண், வண்டி எண், எங்கிருந்து, எங்கே.
பெரியவர்: இரண்டு.
சிறியவர்:
செல்வின் ஒரு கோடு போட்டான்.
எட்டு வருடமாக எல்லாப் படிவத்திலும் போட்டு
அவன் கோடு
நேராகிக்கொண்டே வருகிறது.
வந்த காரணம்: 'மருத்துவம்' என்று எழுதினான்.
அடித்தான்.
'சுற்றுலா' என்று எழுதினான்.

கொளஞ்சி அதைப் படித்தான். எங்களையும் படித்தான்.
"இங்க பாக்க ஒண்ணும் இல்லீங்களே சார்."
சாவியைத் தேடிக்கொண்டே
மாவட்டத்தின் மானம் தன் தலையில் விழுந்தவன்போல
"ஏரி இருக்கு, கீழ்ச்செருவாய்ல. வெள்ளக்காரன் கட்னது" என்றான்.
"தண்ணி கெடக்கா?"
"ஏரி இருக்குங்க."

பெட்டிக்குள் ஐஸ் பை வெதுவெதுத்திருந்தது.
மருந்து குளிரில் இருக்கவேண்டும்,
உறையக்கூடாது என்று நீட்டினேன்.
சமையலறை பிரிட்ஜில்
தோசைமாவு வாளிக்கும் பன்னீர் சோடாவுக்கும் நடுவே
ஒரு தட்டைக் காலிசெய்தான்.
என்ன மருந்து என்று கேட்கவில்லை.
சர்க்கரைக்கு என்று சொல்லத்
தயாராக வைத்திருந்தேன்,
பக்கத்து வீட்டிலும் சர்ச்சிலும் சொல்வதுபோல.
அந்தப் பொய் செலவாகாமல்
கையிலேயே நின்றது.

பத்து மணிக்கு ஊசி.
குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்ததால்
போனை வாயில் கவ்வி வெளிச்சம் பிடித்து
என் வயிற்றில் இன்னும் நீலமாகாத இடத்தைத்
தேடினான்.
"லாரி போறப்பக் குத்து" என்றேன்.
ஏன் என்று எனக்கே தெரியாது.
லாரி வந்தது. வாளித் தண்ணீர் வட்டம் போட்டது.
குத்தினான்.
பக்கத்து அறையில் அறுவடை வண்டிக்காரர்கள் சீட்டாடினார்கள்.
ஒருவன் மட்டும்
தோற்றுக்கொண்டே சிரித்தான், விடிய விடிய.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.
எட்டு மணிக்கு வேப்பூரிலிருந்து பையன் வந்து
பத்து நிமிடத்தில் கண் வைத்துப் போனான்.
கொளஞ்சி பெட்டியைத் திருப்பித் தந்தபோது
இரவே உறையப் போட்டிருந்த
சோடா பாட்டில் தண்ணீர்
தினத்தாளில் சுற்றி உள்ளே இருந்தது.
மருந்தில் படாமல் நடுவே ஒரு துண்டும்.
காசு வாங்கவில்லை. நன்றி சொல்வதற்குள்
வேறு யாருக்கோ சாவி எடுக்கப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு டாக்டர்.
பெருஞ்சாலையில் ஏறாமல்
திட்டக்குடிப் பக்கம் வண்டியைத் திருப்பினான் செல்வின்.
"எங்க போற?"
"சுற்றுலான்னு எழுதிருக்கம்லா."

கரை நீளமாக, தேவைக்கு மேல் நீளமாக இருந்தது.
உள்ளே ஆடுகள்.
ஆடுகளுக்கு அப்பால் வெடித்த சேறு.
அதற்கும் அப்பால்
சவரம் செய்தவன் விட்டுவைத்த ஒற்றைக் கீற்றுபோல
தண்ணீர்.
ஒருவன் மினிலாரியை அவ்வளவு தூரம் இறக்கிக்
கழுவிக்கொண்டிருந்தான்.
"இருக்கு பாரு" என்றான் செல்வின்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
வெயிலுக்குக் கண்ணை இடுக்கி
நானும் பார்த்தேன்.

நிஜமாகவே சுற்றுலா வந்தவன்போல
என்னைக் கரையில் நிறுத்திப் படம் எடுத்தான்.
பெட்டியைக் கீழே வைக்க மறந்துபோனேன்.
படத்தில் பார்க்கிறவர்கள்
கட்டுச்சோறு என்பார்கள்.