இரண்டாம் வீட்டு எலி

முதல் எலியை வாண்டா ஷாங்க் பார்த்தது
ஓட்ஸ் டப்பாவுக்குள்.
இரண்டாவதைப் பார்க்கவில்லை, கேட்டாள்,
அடுப்புக்குப் பின்னால்.
மூன்றாவதோடு எண்ணுவதை விட்டுவிட்டாள்.
ஹேகர்ஸ்டவுன் கிடங்கில் ராத்திரி முழுக்க
பெட்டி எண்ணுகிறவள்,
வீட்டிலுமா எண்ணுவது?

வீட்டுக்காரர் ஸ்பீல்மன் போனில் சொன்னார்:
பழைய கட்டடம், ஓடைக்கரை, குளிர்காலம்.
மூன்றும் உண்மை.
அடுத்த வாரம் சொன்னார்: ஒரு பூனை வளர்க்கலாமே.
வாடகை ஒப்பந்தத்தின் பதினோராம் பத்தி,
அவரே கையெழுத்துப் போட்டது,
பூனை கூடாது என்கிறது.

இலவச சட்ட உதவி அலுவலகத்தில்
பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண்
சாண்ட்விச் தின்றுகொண்டே பேசினாள்.
வாடகையைச் சும்மா நிறுத்தாதே,
அவர் உன்னைக் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்துவார்.
கடிதம் போடு, பதிவுத் தபாலில்.
முப்பது நாள் பார்.
அசையவில்லை என்றால் மனு.
வாடகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்வார்கள்,
தீர்ப்பு வரும்வரை பணம் அங்கேயே கிடக்கும்,
அவர் கைக்கும் போகாது, உன் கைக்கும் வராது.

யார் கைக்கும் வராத பணம்.
வாண்டாவுக்கு அதுவே இனித்தது.

"ஒரே ஒரு சிக்கல்,"
கட்டைவிரல் மயோனைஸை நக்கிக்கொண்டாள் அவள்.
"எலி என்றால் ஒரு வீடு போதாது.
இந்த மாநிலச் சட்டத்தில்
இரண்டு வீட்டிலாவது இருக்க வேண்டும்."

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள்.
மேரிலாந்தில்
தனி வளை செல்லாது.

மாடியில் இருப்பவர் வில்னர் தெஸ்ரோசியே,
ஹைட்டியிலிருந்து வந்தவர், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை.
பதினாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
ஒரு பனிநாளில்
அவள் இடுப்பொடிய வாரிச் சுத்தம் செய்த இடத்தில்
அவர் காரை நிறுத்தினார்.
அவள் கண்ணாடியில் சீட்டு எழுதி ஒட்டினாள்.
அந்தச் சீட்டிலிருந்த ஒரு சொல்
இப்போதும் நினைத்தால் காதைச் சுடுகிறது.

நாலு நாள் படியேறினாள்.
நாலு நாளும் ஆறாவது படியில்
ஏதோ மறந்தவள்போலத் திரும்பினாள்.
ஐந்தாம் நாள், தட்டுவதற்குமுன் கதவு திறந்தது.
அவர் தோளில் அரிசி மூட்டை,
மூலையில் கடித்த ஓட்டை,
வாசல்வரை வெள்ளைக் கோடு.
"இருபது பவுண்டு," என்றார்.
வணக்கம் கிணக்கம் எதுவுமில்லை.

அவளுக்கு சந்தோஷம் வந்தது.
வெட்கக்கேடுதான்,
அடுத்தவர் அரிசியில் எலி வாய் வைத்ததற்கு
ஒரு மனுஷி சந்தோஷப்படுவதா?
பட்டாள்.

சமையல் மேஜையில் அவர் ஒரு நோட்டைத் திறந்தார்.
செப்டம்பரிலிருந்து எல்லா நாளும் பிரெஞ்சில்.
புழுக்கைகளின் படம், அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம்.
"இவ்வளவும் வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தீர்கள்?"
"சொன்னால் காலிபண்ணச் சொல்வார்."
"புகார் சொன்னதற்காக வெளியேற்றக் கூடாது. சட்டம் இருக்கிறது."
"சட்டம் இருக்கிறது," என்றார் அவரும்,
மழை வரும் என்று யாரோ சொன்னதைத்
திருப்பிச் சொல்கிற குரலில்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
டேப் போட்டு ஒட்டியிருந்தது
அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு.
ஓரத்தில் பனி ஊறிய கறை.
இரண்டு பேரும் பார்த்தார்கள்.
அவள் வாய் திறந்து, சொல் கிடைக்காமல் மூடினாள்.
அவர் பக்கத்தைத் திருப்பினார்.
"அது வேற கேஸ்," என்றார்.

பிறகு காபி வைத்தார். சர்க்கரை
இரும்பு டப்பாவிலிருந்து வந்தது,
மூடிமேல் ஒரு செங்கல்.

கடிதத்தின் மூன்றாவது வரியில் இருந்தபோது
காலுக்குக் கீழே ஓடியது அது,
மூலையிலிருந்து மூலைக்கு, அவசரமில்லாமல்.
பேனா நின்றது.
"இது என் தரையா, உங்கள் கூரையா?"
வாண்டா கைக்கடிகாரம் பார்த்தாள். ஒன்பது நாற்பது.

"ரெண்டு வீட்டிலும்னு எழுதுங்க."