மூன்று அடிக்கோடு

என்னைக் கொறடா ஆக்கிய வாரம்
லேத்துப் பட்டறை மாரண்ணன் கேட்டான்:
"கொறடான்னா என்னுங் வேலை?
மந்திரிக்கு மேலயா, கீழயா?"
"ஆள் எண்றதுங்."
"அட, பஸ் கண்டக்டராட்ட!"
பாதி சரி.
கண்டக்டர், இறங்குகிற இடம் எதுவென்று கேட்பான்.

கடிதத்தின் வாசகம் மாறுவதேயில்லை.
தேதி, மசோதாவின் பெயர்,
தவறாது வருக, அரசுக்கு ஆதரவாக வாக்களிக்க.
அதன் கீழே மூன்று கோடு.
கோட்டை மட்டும் தட்டச்சரிடம் விடமாட்டேன்.
ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பதினோரு வருஷம்
பேரேடு எழுதிய கை,
அளவுகோலை வைத்தால் தானே இழுக்கும்.

நூற்றி இருபத்தொரு கடிதம்.
நூற்றி இருபதுக்கு ஒப்புகை வந்துவிட்டது.
சென்னியப்பனின் போன் மட்டும் அணைந்திருந்தது.
தறிக்குடோனில் கேட்டால் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.
கல்யாண மண்டபத்தில் கேட்டால்
மொய் மட்டும் வந்தது என்றார்கள்.
ராத்திரி பத்தரைக்குத் தெரிந்தது:
பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, நெஞ்சு வலி.

எங்கள் சபையில் அது பழைய வியாதி.
வாக்கெடுப்புக்கு முந்தின நாள் பிடிக்கும்,
மறுநாள் சாயங்காலம் விட்டுவிடும்.

கதவைத் தள்ளினேன்.
ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி,
இன்னொரு கையில் அரிசிம்பருப்பு.
நெய் எச்சாவே ஊற்றியிருந்தது.
"வா மாப்ளே, வருவேன்னு தெரியும். உக்காரு."

உயர்மின் கோபுர மசோதா.
அவர் தொகுதித் தோட்டங்களில் பதினேழு கால் இறங்கப்போகிறது.
தென்னைக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு
என்று அட்டவணை இருக்கிறது.
ராத்திரியில் கம்பி உறுமும் அடியில்
தண்ணீர் கட்டப் போகிறவனுக்கு
அதில் கட்டம் இல்லை.

"கையெழுத்துப் போடலீன்னா?"
"கதவுல ஒட்டி, போட்டோ எடுத்துட்டுப் போயிருவனுங்."
"அங்க வந்து என்ன பண்ணோணும்?"
"சபாநாயகர் சொல்றப்ப எந்திரிச்சு நின்னாப் போதும்.
வாயத் தொறக்க வேண்டியதில்லை."
"நிக்காட்டி?"
"பதவி போயிரும்.
பதினஞ்சு நாளுக்குள்ள தலைமை மன்னிக்கலாம்னு சட்டத்துல இருக்குதுங்."
"மன்னிச்சிருக்காங்களா?"
நான் ஊசி இறங்கிய இடத்தைப் பார்த்தேன்.
அங்கே லேசாக வீங்கியிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"உன்ற தோட்டத்துல எத்தனை கோபுரம்?"
"ரெண்டுங்."
"உனக்கு ஆரு குடுத்தா கடுதாசி?"

பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
அறுபத்து நாலாவது.
அனுப்புநர்: கொறடா.
பெறுநர்: கொறடா.
இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து,
பெற்றுக்கொண்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் சின்னதாக.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.
வெகுநேரம் வாசித்தார்,
வாசிக்க அவ்வளவு இல்லை.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"மூணாவது கோடு வளைஞ்சிருக்குது மாப்ளே" என்றார்.
அதுவரை நான் கவனிக்கவில்லை.

நர்ஸ் வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள்.
அவளிடமே பேனா வாங்கிக்
கையெழுத்துப் போட்டார்,
தட்டுக்கு அடியிலிருந்த டிஸ்சார்ஜ் தாளிலும் சேர்த்து.

மறுநாள் சபை.
"ஆதரிப்போர் எழுந்து நிற்கலாம்."
வரிசை வரிசையாய் வேட்டிகள் எழுந்தன.
சென்னியப்பன் பெஞ்சைப் பிடித்து எழுந்தார்.
மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி
பிய்க்காமல் இருந்தது,
யாருக்காவது தெரியட்டும் என்பதுபோல.

இடமிருந்து வலமாக எண்ணினேன்.
நூற்றி இருபது.
வலமிருந்து எண்ணினேன்.
நூற்றி இருபது.
வியர்த்தது.
யார்? எந்த ஆள்? எந்த வரிசை?

கீழே செயலாளர்
பென்சிலைத் தூக்கி
என் பக்கம் காட்டினார்.