ஏழு யூனிட்

ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு
நெல்லையப்பரைக் காட்டுவார்கள், அல்வா வாங்கித் தருவார்கள்,
ஈரடுக்குப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள்.
எனக்கு வாய்த்ததெல்லாம் மீட்டர் பெட்டிகள்.

ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை
டார்ச்சும் பேனாவுமாகப் போவேன்.
பெட்டிக்குள் பல்லி முட்டை,
பெட்டிமேல் வீட்டுச் சாவி.
பாதிப் பாளையங்கோட்டையின் சாவி
எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
சொல்லமாட்டேன்.

தேவகிருபை டீச்சர் வீட்டில்
மூன்று சுவர் ஒன்பது அங்குலம்.
அடுக்களைப் பின்சுவர் மட்டும் நாலடி கனம்,
காலண்டர் மாட்டப் போனால் ஆணிதான் வளையும்.
கோட்டைச் சுவர்.
துப்பாக்கி நீட்டிய ஓட்டையில் கடுகு டப்பா.
எந்த ராஜா டீச்சர் கட்டினது என்றேன்.
"யாரோ. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சுவர் மிச்சம்."

சிந்துபூந்துறை உச்சிமாகாளி அண்ணாச்சி
நடைச்சுவரில் கரியால் ரெண்டு கோடு போட்டிருக்கிறார்:
தொண்ணூற்றிரண்டு, இருபத்து மூன்று.
முதல் வெள்ளம் நெஞ்சுக்கு வந்தது என்பார்.
கோடோ அவர் முழங்காலில் நிற்கிறது.
"புளுகு" என்பாள் உள்ளேயிருந்து பிரமு அக்கா.
புளுகில்லை.
நடுவில் மூன்று தடவை
தரையை மேடாக்கியிருக்கிறார்கள்.

அந்த இணைப்பு இருப்பது கொக்கிரகுளத்தில்.
ஜெராக்ஸ் கடைச் சந்து, துருப்பிடித்த கீல்.
வெள்ளை அட்டையில்
பெயர்: செ. மீரான் பிள்ளை.
விலாசம்: ஜட்கா ஸ்டாண்டு.
வகை: வீடு.

ஜட்கா ஓடி எத்தனை வருஷமாச்சு.
வீடென்று அங்கே ஒரு செங்கலும் இல்லை.
மீட்டர் மட்டும் எறும்பு வேகத்தில் ஓடுகிறது.
நூறு யூனிட் வரை காசு கிடையாது,
அதனால் பில் சைபர்.
சைபரைப் பார்த்து எந்த ஆபீசரும்
இதுவரை தலை நிமிர்ந்ததில்லை.

பெட்டிக்குள் சுருட்டிவைத்த பழைய அட்டைகளைப் பிரித்தேன்.
இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு:
நாற்பது வாட் பல்பு, ராத்திரி முழுக்க.
அப்புறம் ஒரு சித்திரையிலிருந்து
ஏழு, ஏழு, ஏழு.
யாரோ எல்.இ.டி. மாற்றியிருக்கிறார்கள்.

வயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.
வேப்பமரக் கவடு, செல்போன் கடை சன்ஷேடு,
பெண்கள் விடுதியின் துணிக்கொடியோடு கொஞ்ச தூரம்,
முடிவில் ஒரு கல்தொட்டி.
குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி.
விளிம்பில் கயிறு அரைத்த தடத்தில்
என் சுண்டுவிரல் சரியாக உட்கார்ந்தது.
தண்ணீர் இருந்தது. பாசி இல்லை.
மேலே பல்பு.

ஜெராக்ஸ்காரர், டீக்கடையில கேளுங்க என்றார்.
டீக்கடையில், அது கார்ப்பரேசன்லா.
கார்ப்பரேசனில், நம்ம லிமிட்டு இல்லம்மா.
தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்தான்
"ஏன், கட் பண்ணப் போறியளா?" என்று
ஈர முகத்தோடு முறைத்தார்.

கருவியில் ஒரு கட்டம் உண்டு: ஆள் இல்லாத வீடு.
அதை அழுத்தவில்லை.
ஏழு என்று போட்டுவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் போனால் ஐந்து.
ரெண்டு யூனிட் குறைந்தால்
பதினெட்டு ராத்திரி இருட்டு.
அந்த மழையில், அந்தச் சந்தில்.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில்
ஒன்பது வாட் ஒன்று வாங்கிக்கொண்டு
சாயங்காலமே திரும்பிப் போனேன்.
புதுசு எரிந்துகொண்டிருந்தது.
யாரோ முந்திவிட்டார்கள்.
வாங்கியதை மீட்டர் பெட்டிமேல் வைத்தேன்,
சாவி வைக்கிற இடத்தில்.

மார்கழியில் அப்படியே இருந்தது, தூசியோடு.
மாசியில் இல்லை.
காலிப் பெட்டியை மட்டும் தட்டையாக மடித்து
வெள்ளை அட்டைக்குப் பின்னால் சொருகியிருந்தது.
ரெண்டு வருஷ வாரண்டி.
மாட்டிய தேதியைப் பென்சிலில் குறித்திருந்தார்கள்.
வாங்கியவர் பெயர் என்ற இடத்தில்
ஒரு கோடு.

ரீடிங் எடுத்தேன். ஏழு.